பூட்டக்காவின் நுழைவுச்சீட்டு

பூட்டக்கா என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். கூப்பிடாவிட்டால் அதைவிட அதிகம் வரும். அதனால் கூப்பிட்டே வாங்கிக் கட்டிக்கொள்வது என்று எங்கள் குடியிருப்பு எப்போதோ முடிவு செய்துவிட்டது.

குடியிருப்புக்கு நடுவில் ஒரு மைதானம். சுற்றிலும் ஆள் உயரச் சுவர், ஒரே ஒரு இரும்புக் கேட், ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாங்கும் நான்கு தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்து, ஒரு கதவும் ஒரு ஜன்னலும் பொருத்தினால் எவ்வளவு இடம் மிஞ்சுமோ அவ்வளவுதான் அவள் வீடு. கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டி அடுப்பை அணைக்கலாம். தலைக்கு மேலே முப்பதாயிரம் லிட்டர் தண்ணீர். வேறு யாராவது என்றால் அந்தக் கவலையிலேயே இளைத்துப் போயிருப்பார்கள். அவளோ, தொட்டிதான் தன்னைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதுபோல இருபத்திரண்டு வருஷம் அதன் அடியில் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறப்பது, மைதானத்தைப் பெருக்குவது, மோட்டார் போடுவது, பொழுது சாய்ந்ததும் பூட்டுவது. இதுதான் வேலை. சம்பளம் குடியிருப்போர் சங்கம் கொடுத்தது. வீடும் சம்பளத்தில் சேர்த்தி. கணவர் ஒரு நாள் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார். சரக்கு போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. அவரும் வேறொரு வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. பிள்ளைகள் இல்லை. ஆக, உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த அறையும், இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தும், வாயும்தான்.

வாய் என்றால் சாதாரண வாய் இல்லை. மைதானத்தில் ஓடுகிறவர்களிடம் மண்ணைக் கிளப்பாதே என்பாள். நடக்கிறவர்களிடம் ஓடித் தொலைத்துச் சீக்கிரம் வீட்டுக்குப் போ என்பாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம். இலை கொட்டுகிறது என்று அதைத் தினமும் திட்டினாள். அந்த மரம் இரண்டு வருஷம் ஒரு இலையைக்கூட உதிர்க்காமல் அடக்கி வைத்திருந்து, மூன்றாம் வருஷம் தாங்க மாட்டாமல் ஒரே காலையில் மொத்தத்தையும் கொட்டித் தீர்த்தது. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் மரத்தையே கேட்டுக்கொள்ளலாம். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அவளுக்குப் பிடிக்காதது என்று பட்டியல் போட்டால் காகிதம் போதாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் குடும்ப விழா. சாக்கு ஓட்டம், இசை நாற்காலி, ராட்டினம், மேடையில் ஒரு மாயாஜாலக்காரர், காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி. அனுமதி இலவசம் என்று கேட்டின் மேலே துணியில் எழுதிக் கட்டுவார்கள். குடியிருப்பில் இருப்பது நூற்றுப்பத்துக் குடும்பம். வருகிறவர்களோ மூவாயிரம் பேர். விழா முடிந்தால் பெருக்க மூன்று நாள் ஆகும். காகிதக் கோப்பைகள், ஐஸ்கிரீம் குச்சிகள், ஊஞ்சல் சங்கிலியில் ஒட்டிய பபிள்கம், ஒற்றைச் செருப்புகள். எப்போதும் இடது கால் செருப்புதான் கிடைக்கும். வலது காலோடு எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்களோ. ஒரு வருஷம் ஒரு மாமனாரையே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மருமகள் நாலாம் நாள்தான் தேடி வந்தாள், அதுவும் அவர் பாக்கெட்டில் இருந்த வீட்டுச் சாவிக்காக.

போன வருஷம் விழாவில் யாரோ நாலு பேர் தொட்டிக் குழாயின் திருகைக் கழற்றி அதில் பந்து விளையாடினார்கள். தொட்டித் தண்ணீர் பூராவும் பூட்டக்காவின் வீட்டுக்குள் இறங்கியது. கட்டில் மிதந்தது என்று அவள் சொன்னாள். நனைந்தது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் எப்படி வீணானது என்று சங்கம் அவளிடமே விளக்கம் கேட்டு எழுதியது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் அவள் வாழ்க்கையில் முதல் முறையாகச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

சங்கத்தின் செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. கூட்டத்தில் நாற்காலி பறந்தாலும் குறிப்பேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

"பொருள் எண் மூன்று. விழாவுக்கு அனுமதிக் கட்டணம் வைக்கலாமான்னு ஒரு கோரிக்கை. கோரிக்கை ஒருமனதாக..." என்று ஆரம்பித்தார்.

"இன்னும் யாரும் வாயையே தொறக்கலை. அதுக்குள்ள எந்த மனசு?" என்றாள் பூட்டக்கா. பிறகு எழுந்து நின்றாள். "மூவாயிரம் பேர் வர்றாங்க. நம்ம ஆளுங்க முந்நூறு. மிச்சம் யாரு? பஸ்ஸுக்கு நின்னவன், வெயிலுக்கு ஒதுங்கினவன், ஒண்ணுக்குப் போக எடம் தேடி வந்தவன். டிக்கெட் போடுங்க. காசு போட்டு உள்ள வந்தவன், எடத்தைக் கொஞ்சமாவது மதிப்பான்."

முன்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அது பூட்டக்காவைப் பார்த்து வரவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்து வந்தது.

"தியேட்டர்ல காசு குடுத்துத்தான் உள்ள போறாங்க. அங்க சீட்டைக் கிழிக்காதவன் எவன்னு கேளு."

அது தையல்காரி. பூட்டக்காவின் தம்பி பெண்டாட்டி. மைதானக் கேட்டுக்கு நேர் எதிர் வீடு. தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால், கேட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்தாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பூட்டக்காவின் அறைக்குத் தையல்காரி ஒரு திரை தைத்துக் கொடுத்தாள். திரை ஒரு விரல் குட்டை என்றாள் பூட்டக்கா, நாலு வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு. ஜன்னல்தான் ஒரு விரல் நீளம் என்றாள் தையல்காரி. அன்றிலிருந்து நேருக்கு நேர் பேச்சு கிடையாது. பேசாமல் இருக்கவும் முடியாது. ஆகவே எல்லாம் ஜாடைப் பேச்சுதான். பூட்டக்கா வாளியோடு பேசுவாள், தையல்காரி மெஷினோடு பேசுவாள். அந்த வாளியும் மெஷினும் வாங்கிய வசவுக்கு வேறு ஜென்மம் எடுத்தால் துறவியாகத்தான் பிறக்கும்.

"எங்க வீட்ல ஒன்பது பேர்," என்று கூஜாவிடம் தொடர்ந்தாள் தையல்காரி. "சினிமா டிக்கெட்டுல பாதின்னாலும் ஒன்பது டிக்கெட் யாரால முடியும்? குடும்ப விழாவுக்குக் குடும்பத்துல பாதியைத்தான் கூட்டிட்டுப் போகணும். எந்தப் பாதியைன்னு அந்த மகராசி சொல்லட்டும்."

பூட்டக்கா ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஒன்பது பேரைச் சேத்துக்கச் சொல்லி சங்கத்துல தீர்மானம் போட்டாங்களாமா?"

"அந்த ஒன்பதுல ஒண்ணு அவங்களைப் பெத்த அம்மா. சோறு போடறது நான்."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். மற்றவர்கள் அதற்கும் தைரியமில்லாமல் இருந்தார்கள். பூட்டக்காவுக்கு முகம் கறுத்தது, ஆனால் உட்காரவில்லை.

"சரி. பெருக்கறது யாரு? மூணு நாள் குனிஞ்சு குனிஞ்சு முட்டி தேஞ்சு போச்சு. இலவசம் இலவசம்னு எல்லாருமா சேந்து தாராளமா வாரிக் குடுக்கறீங்களே, அது யாரோட முட்டி? உங்க காசு ஒண்ணும் இல்ல. என் முட்டி."

தையல்காரி கூஜாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் புகுந்தார்.

"கட்டணம் வெச்சு, கூட்டமே வராமப் போயிட்டா? மாயாஜாலக்காரருக்கு முன்பணம் குடுத்தாச்சு. நாளைக்குக் குடியிருப்புல சண்டை வந்தா? பொறுப்பை யாரு ஏத்துக்கறது?"

"நான் ஏத்துக்கறேன்."

"எதை வெச்சும்மா?"

பூட்டக்கா இடுப்பில் இருந்த கொத்தை எடுத்து மேஜைமேல் போட்டாள். கூஜா ஆடியது.

"இதை வெச்சு. இந்த வருஷம் டிக்கெட் போட்டுப் பாப்போம். விழா முடிஞ்சு கூட்டம் கூட்டி ஓட்டு எடுங்க. டிக்கெட் போட்டது தப்புன்னு சங்கம் சொன்னா, சாவியையும் ரூமையும் வெச்சுட்டுப் போயிடறேன்."

போவதற்கு அவளுக்கு வேறு இடமில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. செயலாளர் 'ஒருமனதாக' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வி, சுவர். ஒருத்தர் டிக்கெட் வாங்கி உள்ளே போய், அதையே சுவருக்கு மேலே வெளியே நீட்டினால் என்ன செய்வது? இதற்கு வழி சொன்னவர் சலவைக்காரர். மூன்று தெருத் துணியும் அவரிடம்தான் வெளுக்கப் போகும். வீட்டுக்கு ஒரு குறி என்று துணியின் ஓரத்தில் கறுப்பு மையில் குச்சியைத் தொட்டு வைப்பார்.

"உள்ள வர்றவங்க கையில நான் ஒரு குறி போட்டுடறேன். டிக்கெட்டை நீட்டலாம், கையை எப்படி நீட்டுவாங்க? இருபது வருஷத்துல என் குறி போட்ட துணி ஒண்ணுகூட வீடு மாறினதில்ல."

"என் பனியன் மாறியிருக்கு," என்றார் செயலாளர்.

"அது நீங்களே மாத்திப் போட்டுட்டு வந்தது சார்."

எந்த வீட்டுக் குறியையும் பொதுவில் போட முடியாது. அந்த வீட்டுக்காரர்கள் விழா தங்களுடையது என்று கிளம்பிவிடுவார்கள். ரொம்ப யோசித்து, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புக்குப் போடும் குறியைப் போடுவது என்று சலவைக்காரர் முடிவு செய்தார். வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்றார். அந்த மை தோலில் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு. அவர் கைதான் எப்போதும் மணிக்கட்டு வரை கறுப்பாகவே இருக்குமே.

விழாவன்று காலை பத்து மணிக்குப் பூட்டக்கா கேட்டின் ஒரு கதவை மட்டும் திறந்து, திறந்த பாதியில் தானே இன்னொரு கதவுபோல நின்றாள். பக்கத்தில் முக்காலி போட்டுச் சலவைக்காரர். டிக்கெட்டைக் கிழிப்பாள், அவர் குறி வைப்பார். ஊரில் பெரிய புள்ளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர், நாங்களுமா என்று கேட்டார்கள். நீங்களும்தான் என்றாள். ராட்டினக்காரர்கூட உள்ளே போக டிக்கெட் வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தன் ராட்டினத்தைத் தானே சுற்றப் போவதற்கு.

பதினொரு மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஒன்பது பேரும் வெளியே வந்தார்கள். பூட்டக்காவின் தம்பி, சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன், வாய் இருந்தும் இல்லாதவன், அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து கேட்டுக்கு முன்னால் வைத்தான். அம்மாவுக்கு எண்பது வயது. கால் வராது, காது வரும், கண் நன்றாகவே வரும்.

தையல்காரி கேட்டின் கம்பியிடம் சொன்னாள்: "ஒன்பது டிக்கெட்டுக்கு வழியில்ல. அம்மாவை மட்டும் உள்ள விடச் சொல்லு. பெத்த பொண்ணுதானே நிக்குது."

பூட்டக்கா சலவைக்காரரின் முக்காலியிடம் சொன்னாள்: "டிக்கெட்னா எல்லாருக்கும் டிக்கெட். எங்கம்மாவுக்கு ஒரு டிக்கெட்டு நான் என் காசுல போடறேன்."

"வேணாம்னு சொல்லு. சோறு போட வக்கிருக்கற கைக்கு டிக்கெட்டும் வாங்க வக்கிருக்கும். வாங்கினா ஒன்பதும் வாங்குவேன், இல்லேன்னா ஒண்ணும் வாங்க மாட்டேன்."

முக்காலியில் உட்கார்ந்திருந்த சலவைக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு மைப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி நாற்காலியை முன்னால் ஒரு அடி நகர்த்தினான். பெண்டாட்டி பார்த்த பார்வையில் பின்னால் ஒரு அடி நகர்த்தினான். கடைசியில் நாற்காலியின் முன்கால் இரண்டும் கேட்டுக்கு உள்ளேயும் பின்கால் இரண்டும் வெளியேயும் நின்றன.

"அம்மா, நீயே சொல்லு. உள்ளயா வெளியயா?" என்றான்.

"இங்கயே இருக்கேன்டா," என்றாள் அம்மா. "உள்ள மாயாஜாலம் ஒரு மணி நேரம்தான். இவளுங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் காட்டுவாளுங்க."

அப்படித்தான் நடந்தது. தையல்காரி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்புற நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். உள்ளே ஒலிபெருக்கி ஒவ்வொரு முறை சிரிக்கச் சொன்னபோதும் பாயில் கடைக்குட்டி ஒருத்தி அழுதாள். சுவருக்கு மேலே ராட்டினத்தின் உச்சிப் பெட்டி மட்டும் தெரியும். அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து வந்து கையை ஆட்டிவிட்டு மறைந்தார்கள். டிக்கெட் விலை கேட்டுத் திரும்பிப் போனவர்கள் கேட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பூட்டக்கா ஆறு மணி நேரம் நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போகவில்லை.

மொத்தம் நானூறு பேர் வந்தார்கள். குழாய் உடையவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் பெருக்கி முடித்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் மரத்தடியில் உட்கார்ந்து சிரித்ததாக மோர்க்காரர் சொன்னார். அவர் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. குறி போகவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள், செங்கல்லால் தேய்த்தார்கள். கை சிவந்தது, குறி கறுத்தது. சலவைக்காரரைப் பிடித்துக் கேட்டபோது அவர் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "துணி கிழிஞ்சாலும் என் குறி போகாது. தோல்னா, தோல் உரிஞ்சு புதுசு வரணும். ரெண்டு மாசம் ஆகலாம்."

அதோடு குடியிருப்பு இரண்டாகப் பிளந்தது. டிக்கெட் விலையை நாலு நாளில் மறந்திருப்பார்கள். ஆனால் யார் உள்ளே போனார்கள், யார் போகவில்லை என்பது இப்போது புறங்கையில் எழுதியிருந்தது. மளிகைக் கடையில் காசு நீட்டினால் கடைக்காரர் முதலில் கையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் குறி இருந்த பிள்ளைகள் தனியாக உட்கார்ந்தார்கள். இல்லாத பிள்ளைகள் பேனாவால் வரைந்துகொண்டு போய், வியர்வையில் அழிந்து, மாட்டிக்கொண்டு அடி வாங்கினார்கள். குறி இருந்தவர்களுக்கும் நிம்மதியில்லை. ஒருவர் பல் வலிக்கு ஆஸ்பத்திரி போனார். நர்ஸ் கையைப் பார்த்தவுடன் கட்டிலில் படுக்க வைத்து விரிப்பு மாற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். பல் வலி அப்படியே இருந்தது.

அந்த இரண்டு மாதமும் தையல்காரிக்குக் கை ஓயாத வேலை. குறி இருந்தவர்கள் அதை மறைக்கச் சட்டைக் கையை நீட்டித் தரச் சொன்னார்கள். இல்லாதவர்கள், இல்லாதது தெரியக்கூடாது என்று நீட்டித் தரச் சொன்னார்கள். விரல் நுனி வரை கை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது மெஷினிடம், "குட்டையாத் தைக்கறேன்னு சொன்னவங்க வந்து பாக்கட்டும்," என்றாள். மெஷின் கடகடவென்று ஆமோதித்தது.

எல்லோருடைய கோபமும் ஒரே இடத்தில் போய் விழுந்தது. மை சலவைக்காரருடையது, தீர்மானம் சங்கத்துடையது, கைகள் அவரவருடையது. ஆனால் வசவு முழுக்கப் பூட்டக்காவுக்கு. கேட்டுக் கம்பியில் யாரோ வட்டமும் புள்ளியும் வரைந்து வைத்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் முன்பு மோட்டாரைத் திட்டினவர்கள் இப்போது அவளைத் திட்டினார்கள். அவளும் சளைக்கவில்லை; ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். இருந்தாலும் அந்த நாட்களில் அவள் அறையைக் கடந்து போனவர்கள், உள்ளே அவள் பழைய பெட்டியைத் திறந்து எதையோ அடுக்கி அடுக்கிப் பார்ப்பதைக் கண்டார்கள்.

ஓட்டெடுப்புக்கான கூட்டம், குறி இன்னும் மறையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானத்திலேயே நடந்தது. நாற்பது நாற்காலி. உட்கார்ந்தவர்கள் குறி உள்ளவர்கள். இல்லாதவர்கள் பின்னால் நின்றார்கள். யாரும் சொல்லி அப்படி ஆகவில்லை, தானாக ஆனது. பூட்டக்கா எல்லோருக்கும் பின்னால், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

செயலாளர் எழுந்தார். "விழாவைப் பத்தின ஓட்டு. அதனால விழாவுக்கு வந்தவங்கதான் ஓட்டுப் போட முடியும்னு செயற்குழு முடிவு பண்ணியிருக்கு. வந்ததுக்கு ஆதாரம் கையிலேயே இருக்கு. வசதியாப் போச்சு."

பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். நாங்கள் வரவிடாமல் செய்யப்பட்டவர்கள், எங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது என்றார்கள். நாற்காலிக்காரர்கள், காசு போட்டவர்களுக்குத்தான் கருத்து என்றார்கள். தையல்காரி அவர்களில் இரண்டு பேரின் சட்டை அளவைச் சபையில் சொல்லி மானத்தை வாங்கினாள்.

"டிக்கெட் இனிமேலும் வேணுங்கறவங்க கை தூக்குங்க," என்றார் செயலாளர். எண்ணினார். பத்தொன்பது. "வேணாங்கறவங்க." எண்ணினார். பத்தொன்பது. திரும்ப எண்ணினார். கைகள் அதேதான்.

"என்னையும் சேத்துக்குங்க," என்றது பின்னால் இருந்து ஒரு குரல். பூட்டக்கா கையைத் தூக்கியிருந்தாள். "டிக்கெட் வேணும். இருபது."

அந்த ஒரு கையில் அவள் வீடு இருந்தது. செயலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"உங்க கையில குறி இல்லையேம்மா."

"ஆறு மணி நேரம் கேட்டுல நின்னேனே. நான் விழாவுக்கு வரலையா?"

"நின்னீங்க. டிக்கெட் வாங்கலையே. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்களேதான் சொன்னீங்க."

பின்னால் நின்றிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரி வந்தாள். கூஜா எதையும் தேடவில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பூட்டக்காவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"இதுவும் வேணும் அண்ணி உங்களுக்கு. இன்னமும் வேணும்."

பூட்டக்கா அவளைப் பார்த்தாள். நேராகவே பதில் சொன்னாள். "வாயை மூடிட்டு வெளிய நட."

"என்னது?"

"குறி இல்லாதவளுக்கு உள்ள என்ன வேலை? எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. குறி இல்லாத எல்லாரும் வெளிய வாங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்தக் குரலுக்கு மரமே கட்டுப்பட்டது என்றேன், மனுஷர்கள் எம்மாத்திரம். பின்னால் நின்ற முப்பத்திரண்டு பேரும் என்ன ஏது என்று கேட்காமல் வெளியே வந்தார்கள். கடைசியாக அவள் வந்தாள். கேட்டை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள்.

நாற்காலியில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சுவர் ஏறப் பார்த்து, புதுச் சட்டையின் நீளக் கை மாட்டிப் பாதியில் தொங்கினார்.

"பூட்டக்கா, இது சட்டவிரோதம்," என்றார் செயலாளர் கம்பிக்குள்ளிருந்து.

"காசு குடுத்து வாங்கின மைதானம் சார். நல்லா அனுபவிங்க."

"உங்க வீடும் உள்ளதானேம்மா இருக்கு."

"தெரியும். உங்க வீடு வெளிய இருக்கு. அதையும் யோசிங்க. எல்லார் ஓட்டையும் எண்ணுங்க, தொறக்கறேன்."

செயலாளர் மூன்று முறை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. எல்லாரும் ஓட்டுப் போடலாம். ஒருமனதாக."

உள்ளே கைகள் பழையபடியே தூக்கப்பட்டன: இந்தப் பக்கம் பத்தொன்பது, அந்தப் பக்கம் பத்தொன்பது. பிறகு வெளியே. டிக்கெட் வேண்டும் என்பவர்கள் என்றதும் பூட்டக்காவின் கை மட்டும் மேலே போனது. அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு கை இல்லை. இறக்கவும் இல்லை. டிக்கெட் வேண்டாம் என்பவர்கள் என்றதும் முப்பத்திரண்டு கைகள்.

"இருபதுக்கு அம்பத்தொண்ணு," என்று அவளே எண்ணிச் சொன்னாள். எல்லோரையும் ஓட்டுப் போட வைத்தவளும் அவள்தான், அந்த ஓட்டில் தோற்றவளும் அவள்தான். பூட்டைத் திறந்தாள். கொத்தைச் செயலாளர் கையில் வைத்தாள். "சொன்னா சொன்னதுதான். பெட்டி கட்டியே வெச்சிருக்கேன். ஒரு மணி நேரம் குடுங்க."

செயலாளர் சாவிக் கொத்தைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார். பூட்டக்கா அறையை நோக்கி நடந்தாள். தம்பி நாலடி அவள் பின்னால் போய், "அக்கா, நம்ம வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நில்லுங்க," என்றாள் தையல்காரி. அது புருஷனுக்கு. பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள். "அந்தச் சாவியை அவங்ககிட்டயே குடுத்துத் தொலைங்க சார்."

"நீங்கதானேம்மா டிக்கெட் தப்புன்னு..."

"டிக்கெட் தப்புதான். இப்பவும் தப்புதான். எப்பவும் தப்புதான். ஆனா ரூமைப் பிடுங்கினீங்கன்னா இவங்க எங்க வருவாங்க? என் வீட்டுக்கு வருவாங்க. என் மெஷின் பக்கத்துல கட்டிலைப் போட்டு, நான் தைக்கற ஒவ்வொண்ணையும் ஒரு விரல் குட்டைன்னு அளப்பாங்க. ஒன்பது பேருக்கே எடமில்ல. பத்தாவதா இந்தத் தேள் எதுக்கு?"

பூட்டக்கா நின்றாள். திரும்பினாள். "யாரு வர்றாங்களாம் அந்த வீட்டுக்கு? அந்த மெஷின் சத்தத்துல பொணம்கூடத் தூங்காது. ரோட்டுல படுத்தாலும் படுப்பேனே தவிர உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்க வேணாம்னுதானே சொல்றேன். சாவியை வாங்கிக்குங்க."

"நீ சொல்லி நான் வாங்கணுமா?"

"வாங்காதீங்க. உங்க தம்பி பெட்டியைத் தூக்க ரெடியா நிக்கறாரு. அம்மாவுக்கும் பேச்சுத் துணையாச்சு."

பூட்டக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கை உண்மையாகவே முன்னால் நீண்டிருந்தது. அவனைப் பார்த்தாள், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள், செயலாளரிடம் நடந்து வந்து கொத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வர்ற வருஷம் இலவசமாவே நடத்துங்க," என்றாள். "மூவாயிரம் பேரையும் கூப்புடுங்க. ஆனா ஒவ்வொருத்தனையும் நான் நிக்க வெச்சுத் திட்டித்தான் உள்ள விடுவேன். அதுக்கும் யாராவது ஓட்டெடுக்கணுமா?"

யாரும் கை தூக்கவில்லை. செயலாளர் குறிப்பேட்டைத் திறந்து, எழுத வேண்டியதை எழுதி, மூடினார். ஜனங்கள் கேட்டை விட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். தையல்காரி கடைசியாகப் போனாள். போகும்போது கேட்டை வேண்டுமென்றே அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாற்பது நாற்காலியும் போட்டது போட்டபடி கிடந்தன. ஒருத்தரும் ஒன்றைக்கூட மடக்கி வைக்கவில்லை. பூட்டக்கா முதல் வரிசையில் இருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாற்காலியிலும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மடக்கும்போது அவரவருக்கு உரியதை அவரவர் நாற்காலியிடம் சொன்னாள். நாற்பதாவது நாற்காலிக்கு வரும்போது குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. இருந்தாலும் அதற்கும் குறை வைக்கவில்லை.